மகனின் பசிக்கு ஹிப்னோதெரபி தேடிப் போனோம்

2025 ஜூலை கடைசியில், பர்மிங்ஹாமில் பள்ளி விட்ட கையோடு மகனைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போனோம். நான்கு வாரம். பிரேடர்-வில்லி என்கிற, அடங்காப் பசியைக் கொண்டுவரும் பிறவி மரபணுக் கோளாறு உள்ள பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போக யோசிப்பவர்களுக்கு, அதிலும் மனதை வசப்படுத்திச் செய்யும் ஹிப்னோதெரபி பற்றி யாராவது சொல்லிக் கேட்டவர்களுக்கு, இது உதவலாம்.

அவனுக்கு ஒன்பது வயது. அப்பாவிடமிருந்து வர வேண்டிய 15ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. ஏறக்குறைய 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு வருகிறது. பிறந்தபோது பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லை, மூக்கில் குழாய் வைத்துத்தான் புகட்டினோம். பிள்ளை வாய் வைத்துப் பால் குடிக்க வேண்டும் என்று என் அம்மா சுவாமிமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நான்கு வயதுக்கு மேல் எல்லாம் தலைகீழானது. 'போதும்' என்கிற சேதி மூளையின் ஹைப்போதாலமஸில் பதிவதே இல்லை. சாப்பிட்டு எழுந்த ஐந்தாவது நிமிடமும் அவனுக்குப் பசிதான். அதனால் பர்மிங்ஹாம் வீட்டில் ஃப்ரிட்ஜ், அலமாரி, குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் பூட்டு.

கும்பகோணத்தில் அடுப்படிக்குக் கதவே கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான். அவன் இல்லை என்பான். உடனே ஒரு தட்டு வந்துவிடும். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. பசிக்கிறது என்று சொல்லும் குழந்தைக்குக் கொடுக்காதே என்றால் எந்த வீட்டில் கேட்பார்கள்? முதல் வாரமே என் தம்பி தச்சரை வரவழைத்து ஒரு கதவு மாட்டிப் பூட்டும் போட்டுக் கொடுத்தான்.

ஹிப்னோதெரபி யோசனை சித்தி சொன்னது. சென்னையில் ஒருவர் மனதை வசப்படுத்திப் பல பேரின் குடியை நிறுத்தினாராம். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஐந்து வருஷமாகச் சோற்றைக் கணக்குப் பார்த்தே போடுகிற தாய்க்கு ஆசை வராமல் இருக்குமா? ஒரு அமர்வுக்கு 3,000 ரூபாய், பத்து அமர்வு வேண்டும் என்றார்கள்.

குளிர்ந்த அறை, சாய்வு நாற்காலி. "உன் வயிறு ஒரு பெரிய பானை, அது நிறைஞ்சிருக்கு" என்று அரை மணி நேரம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கண் திறந்ததும் மகன் கேட்டது: "அங்கிள், அந்தப் பானையில சோறா, பாயசமா?"

அதோடு விட்டிருந்தால் பணம்தான் நஷ்டம். "பூட்டுதான் இவன் ஆழ்மனதில் பசியை வளர்க்குது. பத்து நாள் பூட்டை எடுங்க, கேட்டதைக் கொடுங்க, தானா அடங்கும்" என்றார். இது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நம்ப வேண்டும் போலிருந்ததால் நம்பினேன்.

ஆகஸ்ட் 3, பதினெட்டாம் பெருக்கு. காவிரியில் படைத்துவிட்டு வந்து புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று வீடே மணந்தது. மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தோம். இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் அவன் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பாத்திரம் காலி. வயிறு கல்லாக இருந்தது. "வலிக்குதா?" என்றால் இல்லை என்கிறான். பயமே அங்கேதான். இந்தப் பிள்ளைகளுக்கு வாந்தி சுலபத்தில் வராது, வலி சரியாகத் தெரியாது. அளவு மீறித் தின்று இரைப்பை கிழிந்து இறந்தவர்களும் உண்டு.

அந்த நேரத்தில் போன மருத்துவமனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பணியில் இருந்தவர் மிகவும் இளம் டாக்டர். "இந்த வியாதியை நான் பார்த்ததில்லைங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பர்மிங்ஹாமில் எங்கள் டாக்டர் எழுதித் தந்து நான் கொண்டுபோன கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். அதில் அவர், வயிறு உப்பினால் வலி இல்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது, உடனே படம் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் எக்ஸ்ரே எடுத்து, அறுவை மருத்துவரையும் போனில் எழுப்பிக் கேட்டார். காலை வரை மணிக்கொரு தடவை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். விடிந்தபோது உப்பல் இறங்கியிருந்தது. அந்தக் கடிதம் இல்லாமல் பயணம் கிளம்பாதீர்கள். பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வையுங்கள்.

அடுத்த வாரம் திருச்சியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். ஹிப்னாஸிஸ் முறையாகப் பயின்றவர். "பரீட்சை பயம், நகம் கடிப்பது, காரணம் பிடிபடாத வயிற்று வலி, இதுக்கெல்லாம் நானே பிள்ளைகளுக்குச் செய்யறேன். இவன் பசி அப்படி இல்லம்மா. அது நிஜப் பசி. நிஜமா பசிக்கிறவன்கிட்ட பசிக்கலைன்னு சொன்னா அவன் நம்மளை நம்பறதை விட்டுடுவான்" என்றார். கட்டணம் 500 ரூபாய். பதற்றம் வந்தால் அவன் கைத்தோலைப் பிய்ப்பான். அதற்கு மட்டும், தூங்குமுன் செய்ய ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது புறங்கைப் புண்கள் பாதி ஆறியிருந்தன.

மருந்து உண்டா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பசிக்கென்றே முதன்முதலாக ஒரு மருந்தை, டயசாக்ஸைடு கோலினை, 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. எங்கள் கைக்கு அது இன்னும் வரவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்துக்கும் தசைக்கும் உதவும், பசியைக் குறைக்காது. இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கைப் பட்டியலில் பிரேடர்-வில்லிக்கான அந்த ஊசியும் இருக்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோர் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம்.

திருச்சி டாக்டர் அம்மாவிடம் தனியாகப் பேசினார். எப்போது சாப்பாடு, என்ன சாப்பாடு என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அதற்கு மேல் கிடைக்காது என்பதும் தெரிய வேண்டும், அப்போதுதான் மனசு கொஞ்சம் ஓயும் என்றார். பர்மிங்ஹாமில் எங்களுக்குச் சொன்னதும் இதேதான். நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் ஏறாதது அம்மாவுக்கு அன்று ஏறியது. வீட்டுக்கு வந்ததும் பூட்டை அவரே மாட்டினார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நேரமும் பண்டமும் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

கிளம்புகிற அன்று காலையிலும் அவன் ஏழு மணிக்கே வந்து நின்றான்.

"அம்மாச்சி, எட்டரைக்கு என்ன?"

"ரெண்டு இட்லி, புதினாச் சட்னி."

"அப்புறம்?"

"அப்புறம் பதினொரு மணிக்கு மோர்."

சரி என்று திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மா முந்தானை முடிச்சில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லி ஊற்றப் போனார்.