மடிப்பில் ஒரு கொப்புளம்: இரண்டரை வருட மடக்கு போன் அனுபவம்

அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தம்பி கேட்டான்: "அண்ணே, மடக்கு போன் விலை இறங்கிடுச்சு. இப்பவே வாங்கிடலாமா, இல்ல அடுத்த சிப் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?" என் போன் பழுது பார்த்துத் திரும்பி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நேரம் பார்த்துத்தான் கேட்டான்.

சிப் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். போன் பழுதுக்குப் போன ஒன்பது நாளும் இழுப்பறையில் கிடந்த மனைவியின் பழைய ஐபோன் 11ஐ வைத்து ஓட்டினேன். 2019இல் வந்தது, இன்றைய கணக்கில் பழைய 7 நானோமீட்டர் சிப். சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் திறந்தது, பேநவ் செயலி வழியில் பணம் போனது, பேருந்து எப்போது வரும் என்று சொன்னது. பேட்டரி மட்டும் மதியத்துக்குள் படுத்துவிடும். என் மடக்கு போனில் இருப்பது அதைவிட எவ்வளவோ வேகமான சிப். அந்த வேகத்தின் லட்சணத்தைத் தைப்பூசத்தன்று பார்த்தேன். அக்கா மகன் காவடி எடுத்தான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை படம் பிடிப்பதாகத் திட்டம். சிராங்கூன் சாலை வெயிலில் கால் மணி நேரத்திலேயே போன் தோசைக்கல்லாகி, திரை மங்கி, கடைசியில் கேமரா தானாக மூடிக்கொண்டது. விசிறி இல்லாத மெல்லிய பெட்டிக்குள் சூடு ஏறினால் எந்த சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த வருட சிப்புக்காகக் காத்திருந்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு நிஜமான லாபம், புத்தகம் மாதிரி விரிகிற அந்த வடிவத்தில்தான். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் தினமும் முக்கால் மணி நேரம். சாதாரண போனில் தமிழ் படிப்பது தனி அவஸ்தை. நாற்பது தாண்டிய கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் 'ஏற்றுக்கொள்ளப்படவில்லையென்றாலும்' என்ற ஒரே சொல் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும்; மேல் வரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. விரித்த திரையில் பத்தி பத்தியாக ஓடுகிறது. தமிழ் முரசு மின்னிதழை இழுத்து இழுத்து நகர்த்தாமல் படிக்கிறேன். தட்டச்சும் அப்படியே. மூடிய நிலையில் தமிழ்99 விசைப்பலகையில் 'ட' தட்டப்போனால் பக்கத்து 'ண' விழும். விரித்தால் இரண்டு கட்டைவிரலுக்கும் தாராளமாக இடம்.

இனி அந்தக் கொப்புளம். உள்திரையின் கண்ணாடி தலைமுடியைவிட மெல்லியது. அதன் மேல் தொழிற்சாலையிலேயே ஒட்டிய பிளாஸ்டிக் படலம். பதினான்காவது மாதம் மடிப்பின் நடுவில் கடுகளவு காற்றுக் கொப்புளம் வந்தது. ஒரு மாதத்தில் மிளகு. அப்புறம் மடிப்பு நெடுக நீண்டு, எங்கே படித்தாலும் நடு வரி நெளியும். விரலால் அமுக்கினால் இங்கே அடங்கி அங்கே எழும்பும். உரித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடக்கு போனான கேலக்ஸி ஃபோல்டைச் சோதித்தவர்கள் சிலர் அப்படி உரித்துத் திரையையே கெடுத்துக்கொண்ட கதை தெரியும் என்பதால் விட்டேன். (என்னுடையது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம்.) முதல் தடவை படலத்தை இலவசமாக மாற்றினார்கள். இரண்டாம் தடவை 40 வெள்ளி. இந்தத் தடவை அதன் அடியில் ஒரு கறுப்புக் கோடும் சேர்ந்துகொள்ள, உள்திரையே மாற்றவேண்டும் என்று 600 வெள்ளிக்கு மேல் பில். முகப்பில் இருந்தவர் "நகத்தால் நோண்டினீர்களா?" என்று கேட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

நியாயமாகச் சொன்னால் கீலில் ஒரு குறையும் இல்லை. நாளைக்கு 70 தடவை என்றால் இதுவரை 60,000 தடவைக்கு மேல் திறந்து மூடியிருக்கிறேன். இன்றும் முதல் நாள் மாதிரி 'டப்' என்று மூடுகிறது. மடிப்புத் தடமும் பழகிவிட்டது. போயும் போயும் ஒரு பிளாஸ்டிக் தாள்!

தம்பியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். பெரிய பேட்டரியோடு சாதாரண போன் ஒன்று, போன வருட மாடலாக இருந்தாலும் போதும்.

"அப்ப உங்களோடத எனக்குத் தள்ளிவிடுங்கண்ணே."

"அதெல்லாம் முடியாது."

இன்று காலை பீஷான் தாண்டும்போது போனை விரித்தேன். மடிப்பின் மேல்முனையில் சின்னதாக ஒரு மினுக்கம். தூசியாக இருக்கலாம். தொட்டுப் பார்க்கவில்லை.