ஐந்து வருடம் இருப்பு வைத்த எஞ்சின் ஆயில்: என் அனுபவம்

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். டிராக்டரின் ஹவர் மீட்டர் 250 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. ஆயில் மாற்ற வேண்டும். வழக்கமாக வாங்கும் மன்னார்குடிக் கடையோ பூட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பழைய ஆயிலோடேயே ஓட்டினேன், ஆனால் மனசு கேட்கவே இல்லை. கடை திறந்ததும் முதல் வேலையாக 15டபிள்யூ-40 (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கும் எண்) ஆயில் 20 லிட்டர் பக்கெட் ஒன்றும் 7.5 லிட்டர் கேன் நான்கும் வாங்கிப் போட்டேன். அந்த வருடம் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தார்கள். குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கும்போது என் வண்டியில் புது ஆயில் இருந்தது.

சொந்த வயலுக்கு மட்டும் ஓட்டுகிறவன் நான். வருடத்துக்கு ஒரு முறைதான் ஆயில் மாற்றம், ஒரு முறைக்கு ஏழரை லிட்டர் பிடிக்கும். ஆகவே அன்று வாங்கியதில் கடைசிக் கேனை 2025 மே மாதம்தான் ஊற்றினேன். அந்தக் கேன்களில் ஒரு குறையும் இல்லை. கெட்டுப் போனது பக்கெட்தான், அதுவும் என் கவனக்குறைவால்.

பக்கெட்டில் இருந்து இரண்டு முறை எடுத்த பிறகு அடியில் ஐந்து லிட்டர் மிச்சம். அதை மோட்டார் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தேன். 2021 ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிக் கொட்டியது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரை ஒழுகி, மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. நானும் மூடியை இறுக்கித் திருகவில்லை. பகலில் தகரம் காயும்போது பக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். இரவில் குளிர்ந்தால் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். மூடியில் நின்ற தண்ணீரும் அதோடு சேர்ந்து இறங்கிவிட்டது. ஐந்து லிட்டர் ஆயிலுக்கு மேல் பதினைந்து லிட்டர் காற்று என்றால் இந்த மூச்சு வாங்கல் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிறைந்த கேனில் இதற்கு இடமே கிடையாது. பீப்பாய் வைத்திருப்பவர்கள் அதைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடங்களில் வரும்படி திருப்பி வைப்பதும் இதனால்தான். மூடிக்கு உள்பக்கம் ஆயில் நின்றால் காற்று, ஈரம் இரண்டுக்கும் வழியில்லை.

2022 மே மாதம் அந்த ஐந்து லிட்டரை எடுத்தேன். மேலாகப் பார்த்தால் தேன் நிறத்தில் தெளிவாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்குப் பக்கெட்டைச் சாய்த்து அடியில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். காபியில் பால் கலந்த மாதிரி கலங்கி வந்தது. மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பட்டறையில் ஒரு பழைய தோசைக்கல் கிடக்கும். அதை நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று குச்சியால் ஒரே ஒரு சொட்டு விட்டார். சடசடவென்று பொரிந்து தெறித்தது. பக்கத்திலேயே புது ஆயில் ஒரு சொட்டு. அது சத்தமே இல்லாமல் பரவி நின்றது.

“தண்ணி ஏறியிருக்கு தம்பி. வண்டியில ஊத்திடாத, பேரிங் போயிடும்” என்றார். மேலாகத் தெளிந்திருப்பதை மட்டும் இறுத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த ஈரமும் இருக்கும், வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய பழைய ஆயில் பீப்பாயிலேயே கொட்டிவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சல்தான், ஆனால் எஞ்சின் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அன்றே நான்கு கேன்களையும் வீட்டுக்குள், மாடிப்படிக்குக் கீழே பலகை போட்டு வைத்தேன். வெயில் படாது, குளிர் வெப்பம் பெரிதாக மாறாது. வாங்கிய மாதத்தை ஒவ்வொன்றிலும் பெயின்டால் எழுதினேன், ஏனென்றால் அச்சடித்த தயாரிப்புத் தேதி கை பட்டுப் பட்டு அழிந்துவிடும். மூடி திறக்காத ஆயிலுக்கு 5 வருடம் வரை என்று கம்பெனிகள் பலவும் சொல்வதால் அதையே எல்லையாக வைத்துக்கொண்டேன்.

ஊற்றுவதற்கு முந்தின நாளே கேனை வெளியே எடுத்துவிடுவேன். வெகுநாள் அசையாமல் இருந்தால் ஆயிலில் கலந்துள்ள சில மருந்துகள், முக்கியமாக நுரை தடுப்பது, அடியில் தங்கலாம். அதனால் கேனைத் தலைகீழாக்கி, படுக்க வைத்துச் சாக்கு மேல் பத்து நிமிடம் முன்னும் பின்னும் உருட்டுவேன். உடனே ஊற்றக் கூடாது, குமிழி அடங்கட்டும். மறுநாள் காலையில் கொஞ்சம் டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்ப்பேன். அப்புறம் டார்ச் அடித்து கேனின் அடி. உருட்டிய பிறகும் வண்டலோ கூழ் மாதிரியோ ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொட வேண்டாம். துணியில் வடிகட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், நூல் பிசிறு உள்ளே போகும். சுத்தமான புனல் போதும். ஆயிலோடு ஃபில்டரும் கட்டாயம் புதிது.

புல்லட்டுக்கு மட்டும் இருப்பு தனி. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, அதற்கு ஜாசோ எம்.ஏ.2 (இப்படிப்பட்ட கிளட்ச் வழுக்காத ஆயிலுக்கான தரக் குறியீடு) என்று போட்ட 15டபிள்யூ-50 தான் வாங்குகிறேன். மீதியான கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றி, கிளட்ச் வழுக்குகிறது என்று வந்து நிற்பவர்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார் வைத்திருப்பவர்களும் பழைய வண்டிக்கு வாங்கிய ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். புகைக்குழாயில் இருக்கும் ஃபில்டருக்காக அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும்.

இப்போது பக்கெட் வாங்குவதே இல்லை. லிட்டருக்குச் சில ரூபாய் கூடினாலும் ஒரே தடவையில் காலியாகும் கேன்தான், அதுவும் இரண்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. காலியான கேனை அரிவாளால் அடியில் வெட்டிவிட்டுத்தான் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறேன். முழுசாகப் போட்டால் அதே கேனில் போலி ஆயிலை நிரப்பி இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள்.