ஏழு வருடம், ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், ஒரு பூனை

ரங்கூன் காளி கோயில் பக்கம் மாமனாருக்குப் பருப்பு மொத்தக்கடை. 2018இல் நான்தான் வற்புறுத்தி இந்த பில்லிங் சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டேன். பெயர் வேண்டாம்; விற்றவர் இன்னும் எதிர்க்கடையில்தான் டீ குடிக்கிறார்.

முதல் நாளே குடும்பப் பெயர் கேட்டு அடம்பிடித்தது. பர்மாக்காரருக்கும் அது கிடையாது, நமக்கும் கிடையாது. பெரியவர்கள் பெயருக்கு முன் மரியாதைக்குப் போடும் 'ஊ'வையே பெயர் என்று எடுத்துக்கொண்டது. "எந்த ஊ மாப்பிள்ளை பாக்கி?" என்பார் மாமா. "எல்லா ஊவும்தான் மாமா."

2019 அக்டோபரில் நாடே ஜோஜி என்ற பழைய கணினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது பர்மிய எழுத்தெல்லாம் சிதறி அச்சானது. யாரும் கவனிக்கவில்லை. பில்லில் விலையைத் தவிர வேறு எதை யார் படிக்கிறார்கள்?

பர்மா நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னே. இதற்கோ முழு மணிதான் தெரியும். ஏழு என்று வைத்தேன். பில் அரை மணி முந்தி ஓடியது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. எட்டு முப்பத்தைந்துக்குப் போணி செய்தால் பில்லில் 9:05. மாமா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இனி எலிக்கதை. கிலோவில் வாங்கி வீசையில் விற்கிறோம். ஒரு டன் உளுந்து விற்று மூட்டையை உதறிய பிறகும் கணினி 1.8 கிலோ பாக்கி காட்டும். ஒவ்வொரு டன்னுக்கும் இதே கதை. "எலிதான்" என்று மாமா ஒரு பூனை வாங்கிவந்தார். பூனை கொழுத்தது, கணக்கு மாறவில்லை.

ஒரு ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். பர்மா வீசை 1.63293 கிலோ. சாஃப்ட்வேர் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு 1.63 என்றே கழித்துவந்திருக்கிறது.

"மாமா, எலி புள்ளிக்கு அப்புறம் மூணாவது இலக்கத்துல இருக்கு."

"அப்ப பூனையை அங்க கொண்டுபோய் விடு."

பூனையின் மீன் செலவை எழுத இதில் தலைப்பே கிடையாது. ஊழியர் பட்டியலில் சேர்த்தேன். அதற்கும் குடும்பப் பெயர் கேட்டது. அவசரத்துக்கு மாமா பெயரைப் போட்டுவிட்டேன். சம்பளச் சீட்டு அச்சான அன்று அத்தை சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. மாமா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். மின்சாரம் போய்ப்போய் வந்தாலும் ஒரு பில்கூட இதுவரை தொலைந்ததில்லை, மூன்றும் அதற்குத்தான்.

போன மாதம் அப்டேட் வந்திருக்கிறது. வீசை, ஆறரை மணி ரெண்டும் சரியாகிவிடுமாம். வீசை மட்டும் போதும், நேரத்தைத் தொடாதே என்கிறார் மாமா. ஒன்றை விட்டு ஒன்றைப் போட வழியில்லை. தினமும் காலையில் 'அப்புறம் நினைவூட்டு' என்பதை நான் அழுத்துகிறேன். திங்கட்கிழமைகளில் மாமாவே வந்து அழுத்துகிறார்.