மூடின கடை எங்கே? இரண்டு பிரான்சைஸ் காகிதங்கள், ஒரு ஒப்பீடு

சோமனூரில் இருக்கும் பெரியப்பா மகன் 16 தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார். அந்தப் பணத்தில் பல்லடம் ரோட்டில் கடை பிடிக்கலாம் என்று இரண்டு கம்பெனிகளின் பிரான்சைஸ் (அவர்கள் பேரில் நாம் கடை நடத்தும் உரிமை) காகிதங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான் கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். "படிச்சுப் போட்டு எது தேறும்னு சொல்லு தம்பி" என்றார்.

ஒன்று அமெரிக்க பர்கர் பிராண்ட். இந்தியாவுக்கான உரிமை பெங்களூரு கம்பெனி ஒன்றிடம் இருக்கிறது. நூறு பக்கத்துக்கு மேல், ஸ்பைரல் போட்ட கோப்பு. இன்னொன்று நம்ம பக்கத்து டீக்கடைச் செயின். ஒன்பது பக்க ஒப்பந்தம், கூடவே ஒரு வண்ண நோட்டீஸ்.

பர்கர் கோப்பில் தாய்க் கம்பெனியின் அமெரிக்க ஆவணமும் நகலாக இருந்தது. அங்கே எஃப்.டி.சி. என்ற மத்திய வணிக ஆணையத்தின் விதிப்படி கம்பெனிக்காரர் 23 தலைப்புகளில் தன் விவரத்தைத் திறந்து காட்டியாக வேண்டும். கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்பே அது வாங்குகிறவர் கைக்கு வந்துவிட வேண்டும். வழக்குகள் 3-இல், மொத்த முதலீடு 7-இல், தணிக்கை செய்த கணக்கு 21-இல். கடைக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது 19-இல் வரும், ஆனால் அதைச் சொல்வது கட்டாயமில்லை. எனக்கு உயிரான தலைப்பு 20. மூன்று வருடத்தில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, கடைசி வருடத்தில் விட்டுப் போனவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும்.

படித்து முடித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அத்தனையும் அமெரிக்கக் கடைகள். அண்ணன் கையெழுத்துப் போடப்போவது பெங்களூரு கம்பெனியோடு. அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த விதி அமெரிக்காவில் திறக்கும் கடைகளுக்குத்தான். நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அதன் 17-ஆம் பிரிவின் விளக்கத்தைக் கடை பிடிக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்: ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சும்மா இருந்தது மட்டுமே பொதுவாக மோசடி ஆகாது. கேட்டதற்குப் பொய் சொன்னால்தான் நமக்குப் பிடி கிடைக்கும். ஆகவே கேள்வியையும் பதிலையும் மெயிலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காசுக் கணக்குக்கு வருவோம். பர்கருக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி, அதாவது பேரைப் பயன்படுத்துவதற்கு மாதாமாதம் கம்பெனிக்குக் கொடுக்கும் பங்கு. மாதம் 4 லட்சம் ஓடினால் 24,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,320. தனி ஓட்டல் கடை வாடிக்கையாளரிடம் 5 சதவீத வரிதான் வாங்கும், அதனால் உள்ளீட்டு வரியை, அதாவது கடை தான் வாங்குவதற்குக் கட்டின ஜி.எஸ்.டி.யை, திரும்ப எடுக்க முடியாது. வருடத்துக்கு 51,840 ரூபாய் கைவிட்டுப் போகிறது. கோப்பில் இருந்த லாபக் கணக்கில் இந்த வரியே இல்லை.

டீக்கடை நோட்டீஸில் 'ராயல்டி கிடையாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் ஆறாம் பக்கத்தைப் பார்த்தால் டீத்தூள், கப், பிஸ்கட் எல்லாம் அவர்களிடமே எடுக்க வேண்டும். கடைத்தெருவில் விசாரித்தேன். அதே தரத் தூள் கிலோவுக்கு 80 ரூபாய் குறைவு. மாதம் 45 கிலோ என்றால் தூளில் மட்டும் 3,600. அண்ணனுக்கு இது சட்டென்று புரிந்தது. அடுத்தவர் பாவு நூலைக் கூலிக்கு நெய்து கொடுக்கும் தறி ஓட்டினவர். "பாவு அவிங்களது, கரண்டு பில்லும் வாடகையும் நம்மளுது. அதே கதைதானுங்க?" என்றார். ஆனாலும் இது பர்கர் ராயல்டியைவிடக் கம்மிதான்.

வழக்கு என்று வந்தால் பர்கருக்குப் பெங்களூருவில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் விசாரணை), டீக்கடைக்குக் கோவை கோர்ட். ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று வருடம் டீக்கடையே வைக்கக் கூடாது என்று ஒரு ஷரத்தும் இருந்தது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் அது நிற்பது கடினம். ஒப்பந்தம் நடக்கும்போது போடும் தடை வேறு, அது செல்லும் என்று 1995-இல் கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே மெயில் போட்டோம்: தமிழ்நாட்டில் இரண்டு வருடத்தில் மூடின கடைகள் எவை, யாரிடம் பேசலாம்? பெங்களூருவிலிருந்து 'ரகசியத் தகவல்' என்று பதில் வந்தது. கூடவே போன்: "நாளைக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் போட்டாத்தான் ஏரியா உங்களுக்கு சார்." டீக்கடைக்காரர்கள் நாலு நம்பர் தந்தார்கள்.

அதில் காங்கேயம்காரரைப் போய்ப் பார்த்தோம். அதே இடத்தில் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். உள்சுவரில் கம்பெனியின் பச்சைப் பெயிண்ட் இன்னும் அப்படியே இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு கிலோமீட்டருக்குள், அதே பேரில் இன்னொரு கடைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களாம். வியாபாரம் பாதியாகிவிட்டது. டெபாசிட் திரும்பி வர ஏழு மாதம் ஆனது. "மொத்தமா வந்துருச்சுங்க, அதைச் சொல்லோணும்" என்றார்.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு டீக்கடைக்கு, அதுவும் இந்தக் காகிதத்தோடு அல்ல. இரண்டு கிலோமீட்டருக்குள் வேறு கடை கூடாது, டெபாசிட் 60 நாளில் திரும்ப வேண்டும், மூன்று வருடத் தடையை எடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். திருத்தின ஒப்பந்தம் வரும்வரை அண்ணன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.