தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் ஒரே படம்: சுங்கை சிப்புட் ஸ்டுடியோவில் செய்த சீரமைப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில், துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே இருக்கும் சிறிய போட்டோ ஸ்டுடியோவில், எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் பழைய படத்தைச் சீரமைக்கக் கொடுத்திருந்தேன். அது சென்ற மாதம் கைக்கு வந்தது. வீட்டில் நைந்துகொண்டிருக்கும் படங்களை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தக் குழுவுக்குப் பதிவேடோ கணக்குப் புத்தகமோ கிடையாது. பால்மரக் (ரப்பர்) காடு செம்பனையாக மாறி, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இடிபட்டு, திடல் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய்ப் பால் வெட்டிவிட்டு வந்தவர்கள்தாம் மாலையில் திடலில் இறங்கினார்கள். தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் வசூலித்த சந்தாவில் பந்து வாங்கினார்கள். தீபாவளி நெருங்கும்போது பக்கத்துத் தோட்டங்களோடு கோப்பைக்கு மோதினார்கள். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியாக வளர்ந்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடி, 2022 பருவத்தோடு விலகிக்கொண்ட குழுவுக்காவது ஒளிப்பதிவுகளும் புள்ளி அட்டவணைகளும் மிஞ்சியிருக்கின்றன. எங்களுக்கு மிஞ்சியது இந்த ஒரு படம்தான்.

படம் ஈரத்தில் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கோல்காவலராக நின்ற என் பெரியப்பாவின் முகத்தில் பாதியைப் பூச்சி அரித்திருந்தது. இதற்கு முன், கைப்பேசியில் எடுத்த அதன் நகலை ஈப்போவில் வேறொரு கடையில் கொடுத்தபோது, அவர்கள் கணினியை வைத்து முகத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். பளபளவென்று ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது அவரில்ல தம்பி" என்று மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சுங்கை சிப்புட் ஸ்டுடியோக்காரர் முதலில் செய்த நல்ல காரியம், படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க மறுத்தது. பிரித்தால் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும் என்று விளக்கி, கண்ணாடி மின்னாதபடி இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, நேர்மேலிருந்து பகுதி பகுதியாகப் படமெடுத்துக் கணினியில் இணைத்தார். கறைகளையும் கீறல்களையும் பொறுமையாக நீக்கினார். ஆனால் அழிந்துபோன முகத்தை அவர் வரையவில்லை. மிஞ்சியிருந்த காதையும் தாடையையும் தெளிவாக்கிவிட்டு, மற்ற இடத்தை மங்கிய சாம்பல் நிறமாகவே விட்டுவிட்டார். பார்த்தவுடன் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரியம்மாவோ முகத்தைத் தேடவே இல்லை. கையுறை இல்லாமல் பந்தைப் பிடித்திருக்கும் வலது கையில், பந்தடி பட்டு வெளிப்பக்கமாக வளைந்த சுண்டுவிரலைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

பந்தின் மேல் சுண்ணாம்பால் எழுதியிருந்த ஆண்டின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. அதையும் ஸ்டுடியோக்காரர் இருந்தபடியே விட்டார். குழுவில் ஆடிய ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் விடை கிடைத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி எடுக்க வேண்டியிருந்தது அல்லவா? இடது ஓரத்தில் நிற்பவர் சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. அனுமதி கிடைக்காமல் 1975க்கு முன்பே பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாராம். ஆகவே அது 1973. ஸ்டுடியோக்காரர் 8 என்று திருத்தி எழுதியிருந்தால், அந்த ஆட்டக்காரர் கப்பலேறிய கதையை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்று சொன்ன வேலைக்குப் பதினேழு நாள் ஆனது. நாமே அழைத்துக் கேட்டால்தான் பதில் வருகிறது. சீரமைப்புக்கும் பளபளப்பில்லாத தாளில் எடுத்த பெரிய அச்சுக்கும் சேர்த்து 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். அந்த உழைப்புக்கு அது நியாயமான விலை. அவர் விற்கும் 65 வெள்ளிப் படச்சட்டம் மட்டும் வேண்டாம்: பின்பலகை மெல்லியது, நம் ஊர் ஈரத்துக்குத் தாங்காது. அச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்துத் தரும் வேறு கடையில் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இதுவும் ஒட்டிக்கொள்ளும். கணினிக் கோப்பையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டக்காரர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் ஒன்றாக 11 நகல்கள் எடுத்திருக்கிறேன். இதுவரை ஏழு வீடுகளின் விலாசம்தான் கிடைத்திருக்கிறது.