ஜெர்மனியில மூணு நாலு நாள் லீவு: பவேரியாவா, மோஸலா, சாக்ஸனியா?

கார் கிடையாது, ட்ரெயின்தான். கையில மூணு நாலு நாள் இருக்கு, ஒரு கோட்டை பாக்கணும், ஒரு பழைய ஊர் பாக்கணும், காட்டுக்குள்ள நல்லா ஒரு நடை நடக்கணும். இப்படி மூணையும் சேத்துக் கேட்டா பெரும்பாலும் மூணு பதில்தான் வரும். தெக்க பவேரியாவுல நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை, கூடவே ரோட்டன்புர்க் ஊர். மேக்கால மோஸல் ஆத்தங்கரை. கெழக்கால சாக்ஸனியில ட்ரெஸ்டன் பக்கத்துல சாக்ஸன் சுவிட்சர்லாந்துங்கிற பாறை மலைப் பகுதி. என் ஓட்டு மோஸலுக்கு, அத முதல்லயே சொல்லிடறேன், ஆனா மத்த ரெண்டும் சில பேருக்கு இதவிட நல்லாவே பொருந்தும், அது யாருக்குன்னும் பாப்போம்.

முதல்ல கோட்டை. நொய்ஷ்வான்ஷ்டைன் அழகா இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது, மரியன்ப்ரூக்க பாலத்து மேல நின்னு பாத்தா கீழ பள்ளத்தாக்குல அருவி, எதிர்ல வெள்ளைக் கோட்டை, பின்னாடி ஏரியும் சமவெளியும், அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம். ஆனா அது ராஜாக்கள் சண்டை போட்ட கோட்டை இல்லங்கிறத தெரிஞ்சுட்டுப் போங்க. ரெண்டாம் லுட்விக் ராஜா 1869ல கட்ட ஆரம்பிச்சது, முதல் படங்களை வரைஞ்சவர் நாடக மேடைக்கு செட் வரையுற கிறிஸ்டியான் யாங்க். உள்ள ஓடுற தண்ணி, சூடான காத்து வர்ற ஹீட்டிங் எல்லாமே அந்தக் காலத்துலயே வச்சாங்க. 200க்கும் மேல அறைகள் திட்டம் போட்டு முடிஞ்சது ஒரு 15தான். 1886ல ராஜா இறந்துட்டார், ஏழே வாரத்துல டிக்கெட் போட்டு மக்களுக்குத் திறந்துட்டாங்க. சிம்மாசன அறையில தங்க முலாம், பெரிய சரவிளக்கு, தரை முழுக்க மொசைக்னு எல்லாம் இருக்கு, சிம்மாசனம் மட்டும் இல்ல, அது வர்றதுக்குள்ள அவர் போயிட்டார். அந்த காலி மேடைய பாக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி ஆகும். 2025ல லுட்விக்கோட மத்த அரண்மனைகளோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு.

சிக்கல் என்னன்னா கூட்டம். வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கும் மேல ஆளுங்க வர்ற இடம், கைடோட மட்டும்தான் உள்ள விடுவாங்க, டூர் சுமார் அரை மணி நேரம், போட்டோ எடுக்கக் கூடாது, டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்தை விட்டுட்டா விட்டதுதான். ம்யூனிக்ல இருந்து ஃப்யூஸனுக்கு ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம், அங்கருந்து பஸ், அப்புறம் மேல ஏற அரை மணி நேரத்துக்கு மேல நடை, இவ்வளவும் அந்த அரை மணிக்கு. அங்க போறவங்க கோட்டைக்குள்ள போறதோட திரும்பிடாம கீழ ஆல்ப்ஸே ஏரியை சுத்தி நடந்துட்டு வாங்க, கூட்டத்துல பாதி பேரு அந்தப் பக்கமே வரமாட்டாங்க.

இப்போ மோஸல் பக்கத்துக் கோட்டையான புர்க் எல்ட்ஸ். கோப்ளென்ஸ்ல இருந்து மோஸல் ஓரமாப் போற பாசஞ்சர் ட்ரெயின்ல அரை மணி நேரம், மோஸல்கேர்ன்னு ஒரு குட்டி ஸ்டேஷன். இறங்கி ஊருக்குள்ள நடந்து, ரிங்கல்ஷ்டைனர் மில்லைத் தாண்டினதும் ரோடு முடிஞ்சு காடு ஆரம்பிச்சுடும். பக்கத்துலயே ஓடை சத்தம், வேரு தட்டுற மண் பாதை, சின்னச் சின்ன மரப்பாலம், ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஒன்னே கால் மணி நேரம் கோட்டை இருக்கிறதுக்கு எந்த அறிகுறியும் தெரியாது, மலை ஓரமா படி ஏறித் திரும்புனா திடீர்னு தலைக்கு மேல கோபுரம் கோபுரமா நிக்கும். மூணு பக்கமும் ஓடை சுத்தி வர, 70 மீட்டர் பாறை மேல ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள். ஒரே குடும்பத்தோட மூணு கிளைங்க ஒரே சுவருக்குள்ள தனித்தனி வீடு கட்டி வாழ்ந்த இடம் இது, நம்ம ஊர் கூட்டுக் குடும்பத்துல ஒரே முற்றத்தைச் சுத்தி தனித்தனி அடுப்பு எரியுற மாதிரி. 850 வருஷத்துக்கு மேல அதே குடும்பத்துக்கிட்டதான் இருக்கு. பழைய 500 மார்க் நோட்டுல இருந்த கோட்டையும் இதுதான்.

உள்ள மூணு கிளைக்கும் பொதுவா ஒரு பெரிய கூடம் இருக்கு. அதுல சுவர்ல கோமாளித் தலைகள் செதுக்கி வச்சிருப்பாங்க, இங்க யாரும் எதையும் தைரியமா பேசலாம்னு அர்த்தம், வாசல் கதவுக்கு மேல ஒரு ரோஜாப்பூ, பேசுனது வெளியே போகக் கூடாதுன்னு அர்த்தம். சொத்து, பங்கு, பாதுகாப்புன்னு மூணு வீட்டுக்காரங்களும் உக்காந்து பேசித் தீத்துக்க அவங்களே வச்சுக்கிட்ட ரூல் அது, எனக்கு கோட்டைக்குள்ள பிடிச்ச விஷயமே இதுதான். இங்கயும் உள்ள கைடு டூர்தான், போட்டோ கிடையாது, வீக்கெண்ட்ல கூட்டமும் இருக்கும், ஆனா பாக்குறது உண்மையாவே ஆளுங்க தலைமுறை தலைமுறையா வாழ்ந்த வீடு. வெளியே வந்து எதிர் மேட்டுல ஏறினா ட்ருட்ஸ் எல்ட்ஸ் இடிபாடு, 1330கள்ல ட்ரியர் பேராயர் பால்டுவின் இந்தக் குடும்பத்தை மடக்க கட்டின முற்றுகைக் கோட்டை, அங்கருந்துதான் கல்லெறிஞ்சாங்க. எறிஞ்ச இடமும் வாங்கிக்கிட்ட இடமும் எதிரெதிர்ல அப்படியே நிக்குது.

அடுத்தது ஊர். பவேரியா பக்கம் எல்லாரும் சொல்றது ரோட்டன்புர்க். மதில் மேல கூரை போட்ட நடைபாதையில நடக்கும்போது சுவர்ல பேர் பொறிச்ச கல்லுங்க வரிசையா வரும், ஜப்பான்ல இருந்துகூட குடுத்திருக்காங்க. 1945 மார்ச் 31 குண்டுவீச்சுல பழைய ஊரோட கெழக்குப் பக்கம் பெருசா அழிஞ்சது, அதை திரும்பக் கட்டறதுக்கு காசு குடுத்தவங்க பேருங்க அது. பகல்ல டூர் பஸ்காரங்க நிரம்பிடுவாங்க, அதனால ரோட்டன்புர்க்னா ராத்திரி தங்கணும், சாயங்காலம் பஸ் எல்லாம் கிளம்பினதும் அது வேற ஊரு.

அதே பக்கத்துல எனக்குப் பிடிச்சது நோர்ட்லிங்கன். மதில் முழு வட்டமா 2.7 கிலோமீட்டர், எங்கயும் இறங்காம ஊரையே சுத்தி வந்துடலாம். ஊரு உக்காந்திருக்கிறதே ஒரு விண்கல் பள்ளத்துக்குள்ள, சுமார் ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது. அந்த மோதல்ல உருவான பாறையை வெட்டித்தான் நடுவுல இருக்கிற புனித ஜார்ஜ் சர்ச் கட்டடத்தையே கட்டியிருக்காங்க, அந்தப் பாறைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுல வைரத் துணுக்கு வேற இருக்கு. 1970ல அப்போல்லோ விண்வெளி வீரர்கள் நிலாவுல என்ன மாதிரி கல்லு எடுக்கணும்னு பழக இங்கதான் வந்தாங்க. சர்ச் கோபுரத்துல இருக்கிற காவல்காரர் ராத்திரி பத்து மணியிலருந்து பன்னெண்டு வரைக்கும் அரை மணிக்கொரு தடவை இன்னிக்கும் குரல் குடுக்கிறார். ரோட்டன்புர்க்கா நோர்ட்லிங்கனான்னு கேட்டா நான் நோர்ட்லிங்கன்தான் சொல்லுவேன், சும்மா காட்சிப் பொருளா இல்லாம ஜனங்க கடைக்குப் போயி வந்து இருக்கிற ஊரு.

மோஸல்ல இதுக்கு ஈடா இருக்கிறது பைல்ஷ்டைன். ரொம்பச் சின்னது, அரை மணி நேரத்துல மொத்த தெருவையும் நடந்துடலாம். அழகுன்னு மட்டும் பாத்தா நோர்ட்லிங்கன் அளவுக்கு அங்க விஷயம் இல்ல, ஆனா அதோட கதை எல்ட்ஸோட சேந்து வர்றதாலதான் அதுக்கு மதிப்பு. 1689ல பிரெஞ்சுப் படை இந்தப் பக்கம் கோட்டை கோட்டையா இடிச்சுட்டு வந்தது. பைல்ஷ்டைன் மேல இருந்த மெட்டர்னிஹ் கோட்டை போயி இன்னிக்கு இடிஞ்ச சுவர்தான் நிக்குது. அதே மோஸல் கரையில இருக்கிற கோஹெம் ஊர்க் கோட்டையும் போச்சு, அதை 1868ல பெர்லின் வியாபாரி லூயி ரவெனேங்கிறவர் வாங்கி தன் ரசனைக்கு திரும்பக் கட்டினார். எல்ட்ஸ் மட்டும் தப்பிச்சது, காரணம் அந்தக் குடும்பத்துல ஒருத்தர் பிரெஞ்சுப் படையிலயே பெரிய பதவியில இருந்தார், இடிக்க வேண்டிய லிஸ்ட்ல இருந்து பேரை எடுக்க வச்சுட்டார். ஒரே போரு, தப்பிச்ச வீடு ஒன்னு, செத்த வீடு ஒன்னு, காசு போட்டு எழுப்பின வீடு ஒன்னு, மூணையும் ரெண்டே நாள்ல பஸ், படகு, ட்ரெயின்ல பாத்துடலாம். கோஹெம்ல இருந்து பைல்ஷ்டைனுக்கு படகுல போங்க, நடுவுல ஃபான்கெல் அணைக்கட்டுல கதவை மூடி தண்ணி நிரப்பி படகை மெதுவா மேல தூக்குவாங்க, பசங்க வாயைப் பொளந்து பாப்பாங்க.

நடைன்னு வந்தா சாக்ஸன் சுவிட்சர்லாந்துதான் ஜெயிக்கும், இதுல மோஸலுக்காக நான் வாதாட மாட்டேன். ட்ரெஸ்டன்ல எஸ்-பான்ங்கிற லோக்கல் ட்ரெயின் ஏறுனா முக்கால் மணி நேரத்துக்குள்ள ராட்டன், எல்ப ஆத்தைத் தாண்ட ஃபெரி, ஏறுனா பாஸ்டை கல் பாலம், 1851ல கட்டினது, சுத்தி மணல்பாறைத் தூணுங்க. பாலத்துல போட்டோ எடுத்துட்டு வந்த வழியே இறங்காதீங்க, ஷ்வேடன்லோஹர் வழியா இறங்குங்க, பாறை இடுக்குல நூத்துக்கணக்குல படிங்க, வெயில்காலத்துலயும் குளுகுளுன்னு இருக்கும். உயரத்துக்கு பயம் இல்லாதவங்க ஷ்ராம்ஷ்டைன் பாறைங்களுக்குப் போயி இரும்பு ஏணியில ஏறலாம். மாலர்வேக் பாதையை முழுசா நடக்க எட்டு நாள் கட்டம் இருக்கு. கோனிக்ஷ்டைன் கோட்டையும் பெருசு, அதோட கிணறே 152 மீட்டர் ஆழம். ஆனா பழைய ஊருன்னு பாத்தா இங்க கொஞ்சம் மெலிவுதான்.

மோஸல்லயும் நடைக்குப் பஞ்சம் இல்ல. மோஸல்ஷ்டைக் பாதை மொத்தம் 365 கிலோமீட்டர், 24 கட்டம், நடுவுல எங்க வேணா ஏறி இறங்கலாம், ட்ரெயினோ பஸ்ஸோ கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கும். ப்ரெம் ஊர்ல கால்மோன்ட் திராட்சைத் தோட்டம் 65 டிகிரி வரைக்கும் சரிவு, ஐரோப்பாவிலயே செங்குத்தான தோட்டங்கள்ல ஒன்னு. ஒத்தைத் தண்டவாளத்துல பல்சக்கரம் வச்ச குட்டி வண்டியிலதான் ஆளும் கூடையும் மேல போவாங்க. அதுக்குள்ளயே கம்பி பிடிச்சு ஏணியில ஏறுற பாதை இருக்கு, கல் சரிவு வந்தா மூடிடுவாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க, நல்ல ஷூ இல்லாம போகாதீங்க.

யாருக்கு எதுன்னா, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வர்றவங்க மோஸலை விட்டுடுங்க, எல்ட்ஸ் குளிர்காலத்துல மூடியிருக்கும், நொய்ஷ்வான்ஷ்டைன் சில பண்டிகை நாள் தவிர வருஷம் பூரா திறந்திருக்கும், பனியில அழகாவும் இருக்கும். முட்டிவலி இருக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ட்ரெயின்ல வர்றவங்களுக்கும் பவேரியாதான் வசதி, பஸ்ஸும் குதிரைவண்டியும் மேல கொண்டு போகும், ஆனா கடைசியா கொஞ்ச தூரமும் உள்ள நிறைய படியும் அங்கயும் உண்டு. நடக்கறதுக்காகவே வர்றவங்க, பாறை பிடிக்கிறவங்க, ட்ரெஸ்டன் ஏறிடுங்க. மத்தவங்க எல்லாருக்கும், முக்கியமா செப்டம்பர் அக்டோபர்ல வர்றவங்களுக்கு, மோஸல். அறுவடை நடக்கும், இலை மஞ்சளாகும், கோட்டையும் ஊரும் நடையும் ஒன்னோட ஒன்னு ஒட்டியிருக்கிறதால பாதி லீவு ட்ரெயின் மாறுறதுலயே போகாது.

அந்த சீசன்ல கோஹெம்ல ரூம் விலை ஏறிடும், கோப்ளென்ஸ்ல தங்கினா ட்ரெயினும் நிறைய, சாப்பாட்டுக்கும் கடை உண்டு. மாச டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வச்சிருந்தா இந்த லோக்கல் ட்ரெயின் எல்லாம் அதுலயே அடங்கிடும், ஐசிஇ, ஐசி மாதிரி தூரத்து வேக ட்ரெயின்ல மட்டும் ஏறக் கூடாது. ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், கிராமத்து ஹோட்டலுங்களும் வாரத்துல ஒன்னு ரெண்டு நாள் லீவு விடுவாங்க, அதனால சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம், தண்ணி வாங்கி பையில போட்டுக்கோங்க. சைவம் சாப்பிடறவங்க மெனுவுல கேஸஷ்பெட்ஸ்லன்னு இருக்கிற சீஸ் நூடுல்ஸைத் தேடுங்க, பேக்கன் போடாமத்தானே வரும்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. காட்டுல நடந்துட்டு வந்தா ராத்திரி குளிக்கும்போது கால், முட்டிக்குப் பின்னாடி, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கான்னு பசங்களுக்கும் சேத்துப் பாத்துடுங்க.