சிப்பை வடிவமைப்பதா, தயாரிப்பதா?

செயற்கை நுண்ணறிவு வளர வளர, சிப்புக்கான தேவையும் ஏறிக்கொண்டே போகிறது. இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் நாட்டுக்கு இரண்டு வழி: சிப்பை வடிவமைப்பது, அல்லது ஆலை கட்டித் தயாரிப்பது.

வடிவமைப்புக்கு நல்ல பொறியாளர்களும் மென்பொருளும்தான் முதலீடு. சிப் வடிவமைக்கும் அமெரிக்க நிறுவனமான, 1993இல் தொடங்கிய என்விடியாவுக்குச் சொந்தமாக சிப் ஆலையே கிடையாது.

உற்பத்தி அப்படியல்ல. அதிநவீன ஆலை ஒன்றுக்கே 1,000 கோடி டாலருக்கு மேல் ஆகும். உள்ளே இருக்கும் ஈயூவி (அதீதப் புற ஊதா ஒளி) இயந்திரத்தைப் பாருங்கள்: உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு சுமார் 50,000 பாய்ந்து வர, ஒவ்வொன்றையும் லேசர் அடிக்கிறது. அதில் பிறக்கும் 13.5 நானோமீட்டர் ஒளிதான் சிலிக்கான் தட்டில் கோடு போடுகிறது. இந்த இயந்திரத்தைச் செய்து விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான்.

சரி, அப்புறம் ஆலை எதற்கு? 2021இல் சிப் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகள் முடங்கின. வடிவமைப்பு கையில் இருந்தும் பயனில்லை. மோரிஸ் சாங் 1987இல் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தை என்விடியாவே நம்பியிருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் வடிவமைப்பு. கூடவே பழைய தலைமுறை சிப்புகளுக்கு ஓர் ஆலை. காரும் வாஷிங் மெஷினும் ஓடுவது பெரும்பாலும் அவற்றால்தான்.